எண்ணப்படாத காய்ச்சல்

ஒரு பிரதேசத்தில் காய்ச்சல் குறைந்துவிட்டது என்று அறிக்கை கூறும்போது நாம் இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும். நோய் குறைந்ததா? அல்லது நோயாளரை எண்ணுவது குறைந்ததா? இவற்றைப் பிரித்தறிய உதவுவதே புள்ளிவிபரக் கணிப்பு.

இப்பாடத்தை எமது நாடு பெரும் விலை கொடுத்தே கற்றது. 1934-35இல் மலேரியா சுமார் 80,000 உயிர்களைப் பறித்தது. டீ.டீ.ரீ. தெளிப்பின் பயனாக 1963இல் நாடு முழுவதிலும் 17 நோயாளரே பதிவாகினர். தெளிப்பு நின்றது, கண்காணிப்பும் தளர்ந்தது. 1968-69இல் இலட்சக்கணக்கானோர் மீண்டும் நோயுற்றனர். 2012 ஒக்டோபரின் பின்னரே உள்ளூர்த் தொற்று அற்றுப்போனது. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் அதற்குச் சான்றளித்தது.

கணிப்பு எவ்வாறு நடைபெறுகிறது? கடந்த பல வருடங்களின் மாதாந்த எண்ணிக்கையைக் கொண்டு இம்மாதம் எத்தனை நோயாளரை எதிர்பார்க்கலாம் எனக் கணக்கிடுவர். அதனிலும் கூடினால் எச்சரிக்கை. வெகுவாகக் குறைந்தாலும் விசாரணை தேவை: எத்தனை பேரின் இரத்தம் பரிசோதிக்கப்பட்டது? எந்த வைத்தியசாலையின் அறிக்கை வரவில்லை? வராத அறிக்கையைப் பூச்சியமாகக் கொண்டால் கணக்குப் பொய்த்துவிடும். மாவட்டவாரியாக மலேரியாவை முன்கணிக்க முயன்ற ஓர் ஆய்வு 2008இல் வெளிவந்தது. மழைவீழ்ச்சியைச் சேர்த்தும் ஒருசில மாவட்டங்களிலேயே, அதுவும் சிறிதளவே, கணிப்பு மேம்பட்டது. ஒழுங்கான பதிவே அடிப்படை.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, புத்தளம், கற்பிட்டிக் கரையோரங்களில் குடியேறிய குடும்பங்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும். உதாரணமாக, ஒரு கிராமத்தில் பதிவானோர் 1,000 பேர், பதிவற்றோர் 500 பேர் என்போம். 1,500 பேருக்கும் நோய் வரும், மருந்தோ 1,000 பேருக்கே ஒதுக்கப்படும். பதிவற்றோர் வைத்தியசாலைக்கே போகாவிட்டால் அவர்களது நோய் எக்கணக்கிலும் சேராது.

நூறு ஆடுகளில் ஒன்றைக் காணவில்லை என்று மேய்ப்பன் அறிந்தது, அவன் எண்ணிப் பார்த்ததனால் அல்லவா?

ஆபத்தும் நீங்கவில்லை. கிணறுகளிலும் நீர்த்தொட்டிகளிலும் பெருகக்கூடிய புதியவகை மலேரியா நுளம்பு 2016இல் அயல் மாவட்டமான மன்னாரில் கண்டறியப்பட்டது. தோட்டக் கிணறுகளை நம்பி வாழும் நாம் விழிப்பாயிருத்தல் அவசியம்.

நாம் செய்யக்கூடியவை:

- காய்ச்சல் கண்டால் கடையில் மாத்திரை வாங்கி அடக்காமல் வைத்தியரிடம் செல்லுங்கள். தனியார் வைத்தியரும் மலேரியா, டெங்கு நோய்களை அறிவிக்கக் கடமைப்பட்டவர்.
- பழைய ஊர் விலாசத்தையன்றி இப்போது வசிக்கும் விலாசத்தைக் கொடுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் அதைக் கொண்டே உங்கள் வீட்டைத் தேடி வருவார்.
- வெளிநாடு சென்று திரும்பியவருக்குக் காய்ச்சல் வந்தால் பயணத்தைச் சொல்லி, மலேரியா இரத்தப் பரிசோதனை கேளுங்கள்.
- குடும்பத்தில் ஒவ்வொருவரும் கிராம உத்தியோகத்தரின் பதிவில் உள்ளனரா எனச் சங்கக் கூட்டத்தில் சரிபாருங்கள்.