அலுமினியத்தில் விளையும் படிகம்

சர்க்கரையை வாணலியில் போட்டுக் காய்ச்சினால் உருகும், கூடவே கருகும். கற்கண்டு வேண்டுமென்றால் தண்ணீரில் கரைத்துப் பாகு காய்ச்சி, அசைக்காமல் நாள்கணக்கில் ஆறவிட வேண்டும். உருக்க வழியில்லாததைக் கரைத்துப் படியவைக்கும் இந்த உபாயம், உலகின் மிகக் கடினமான சேர்மங்கள் சிலவற்றுக்கும் பொருந்தும். தண்ணீருக்குப் பதில் அங்கே உருகிய உலோகம்.

லாந்தனம் ஹெக்ஸாபோரைடை எடுத்துக்கொள்வோம். ஊதா நிறப் பொருள். சூடேறினால் எலக்ட்ரான்களைத் தாராளமாக உமிழும். அதனால் எலக்ட்ரான் நுண்ணோக்கிகளில் எலக்ட்ரான் கற்றை புறப்படும் முனையாக இருக்கிறது. இது உருக 2200 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெப்பம் வேண்டும். அவ்வளவு சூட்டில் அதை எந்தப் பாத்திரத்தில் வைப்பது? பாத்திரமும் கொஞ்சம் கரைந்து படிகத்தைக் கெடுத்துவிடும்.

அலுமினியமோ 660 டிகிரியிலேயே உருகிவிடும்; கொதிக்க 2400 டிகிரிக்கு மேல் ஆகும். இடைப்பட்ட இந்த நீண்ட வெளியில்தான் வேலை நடக்கிறது. லாந்தனத்தையும் போரானையும் பல மடங்கு அலுமினியத்தோடு அலுமினா மூசையில் இட்டு, காற்று புகாதபடி ஆர்கான் வாயுவில் சுமார் 1500 டிகிரி வரை சூடாக்குகிறார்கள். இரண்டும் அலுமினியத்தில் கரைகின்றன. பிறகு மணிக்குச் சில டிகிரி வீதம் மட்டுமே குளிர விடுகிறார்கள். சூடு குறையக் குறைய, கரைந்ததைத் தாங்கும் சக்தி அலுமினியத்துக்குக் குறைகிறது. தாங்க முடியாதது ஹெக்ஸாபோரைடாகப் படிகிறது. அவசரப்பட்டால் ஆயிரம் இடங்களில் ஒரே நேரத்தில் படிந்து வெறும் பொடிதான் மிஞ்சும். பொறுத்தால் சில கருக்கள் மட்டும் தோன்றி, அவையே வளர்ந்து பெரிதாகும்.

எல்லாம் ஆறியபின் படிகங்கள் அலுமினியக் கட்டிக்குள் புதைந்திருக்கும். கட்டியைக் காஸ்டிக் சோடாக் கரைசலில் போட்டால் ஹைட்ரஜன் குமிழிட அலுமினியம் கரைந்து போகும். போரைடுக்கு ஒன்றும் ஆகாது. கனசதுரமாகவும் ஊசியாகவும் தகடாகவும் பளபளக்கும் படிகங்கள் அடியில் கிடக்கும். இந்த முறையின் அழகே இந்தக் கடைசிக் கட்டம்தான் என்பேன்.

வேறு சேர்மங்களுக்கு வேறு உலோகங்கள். கார்பைடுகளுக்கு நிக்கல் உதவும். செயற்கை வைரம்கூட, மிகுந்த அழுத்தத்தில், உருகிய இரும்பு, நிக்கல், கோபால்ட் வழியாகத்தான் பெரும்பாலும் வளர்கிறது.

ஆனால் கரைப்பானாக வந்த உலோகம் முழுவதும் விடைபெற்றுப் போவதில்லை. 1850களிலேயே இது தெரிந்திருக்க வேண்டியது. வோலர், டெவில் என்ற வேதியியலாளர்கள் போரானை உருகிய அலுமினியத்தில் கரைத்துப் படிகமெடுத்து, வைரம் போன்ற போரான் கிடைத்ததாகக் கருதினார்கள். அந்தப் படிகங்களில் அலுமினியமும் சேர்ந்திருந்தது பின்னால்தான் தெளிவாயிற்று.

ஏறத்தாழ 160 ஆண்டுகள் கழித்து அதே அலுமினியம் இன்னொரு முறை ஆட்களைக் குழப்பியது. சமேரியம் ஹெக்ஸாபோரைடு, கடுங்குளிரில் உள்ளே மின்சாரத்தைத் தடுத்து, மேற்பரப்பில் மட்டும் கடத்தும் விசித்திரப் பொருள். காந்தப்புலத்தை மாற்றும்போது அதன் காந்தத்தன்மை அலைபோல் ஏறி இறங்குவதாக 2014இல் ஓர் ஆய்வு வந்தது. அப்படி அலைவது பொதுவாக உலோகங்களின் குணம். இந்தப் பொருளின் மேற்பரப்பே அதற்குக் காரணம் என்றார்கள். 2019இல் மற்றொரு குழு, அலுமினியத்தில் வளர்த்த படிகங்களை ஆராய்ந்தபோது, அலைவு வந்த படிகங்களுக்குள் அலுமினியத் துளிகள் சிக்கியிருந்தன. காஸ்டிக் சோடா எட்டாத ஆழத்தில் இருப்பதைக் கழுவ முடியாதே! அதைவிட வியப்பு: ஒன்றோடொன்று தொடாத அந்தத் துளிகள்கூட ஒரே திசை பார்த்து உறைந்திருந்தன. அலுமினியத்தின் அணுக்கட்டப் பக்க நீளம் 4.05 ஆங்ஸ்ட்ராம், ஹெக்ஸாபோரைடினுடையது 4.13; இரண்டும் கனசதுர அமைப்பு. இப்படி ஒழுங்காக உறைந்த துளிகள், படிகத்தின் சொந்தக் குணம்போலவே சைகை தரும்.

கரைப்பானும் பாத்திரமும் இல்லாமல் நேரடியாக உருக்கும் மிதவை மண்டல முறையில் வளர்த்த படிகங்களிலும் அலைவுகள் பதிவாகியிருப்பதால் விவாதம் அத்தோடு முடியவில்லை. அந்த முறைக்கும் ஒரு குறை உண்டு: உருக்கும் சூட்டில் சமேரியம் ஆவியாகி, படிகத்தில் காலியிடங்களை விட்டுச் செல்லும்.

சிக்கிய அலுமினியத்தை மின்தடை அளந்து பிடிக்க முடியாது. தனித்தனித் துளிகள் வழியே மின்னோட்டம் தொடர்ந்து ஓடாது. படிகத்தை 1.2 கெல்வினுக்குக் கீழே குளிர்விக்க வேண்டும். அங்கே அலுமினியம் மீகடத்தியாகி, தன்மேல் விழும் மெல்லிய காந்தப்புலத்தை வெளியே தள்ளும். துளி உள்ளே இருந்தால் அப்போது தெரிந்துவிடும்.