வாடகை வீடும் தரகர் துணையும்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணஞ் செய்து பார் என்பது பழமொழி. அவ்விரண்டையும் செய்து முடித்த பலருக்கு மூன்றாவது சோதனையொன்று காத்திருக்கின்றது. கட்டிய வீட்டைப் பிறருக்கு வாடகைக்கு விட்டுப் பார்த்தலே அது. உத்தியோக மாற்றத்தால் ஊர்விட்டு ஊர் செல்வோர், பிள்ளைகளுடன் வாழ்வதற்காகக் கடல் கடந்து போவோர், ஓய்வூதியத்துடன் சிறு வருவாயொன்றை நாடுவோர், மகளுக்கென வாங்கிய சீதன வீட்டை அவள் குடிபுகும் நாள்வரை பூட்டி வைக்க மனமில்லாதோர் ஆகியோர் வாழ்க்கையில் முதன்முறையாக வீட்டுக்காரர் என்னும் நிலையை அடைகின்றனர். அடைந்த மறுநாளே அவர்கள் முன் ஒரு வினா எழுகின்றது. குடியிருக்க ஆள் தேடும் பொறுப்பைத் தரகரிடம் ஒப்படைப்பதா, தாமே ஏற்பதா?

இவ்வினாவுக்கு விடை கூறப் புகுவோர் பெரும்பாலும் தரகுப் பணத்தை மாத்திரமே எண்ணிப் பார்க்கின்றனர். "ஒரு மாத வாடகையை ஏன் வீணே கொடுக்க வேண்டும்?" என்பார் ஒருவர். "கொடுத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது" என்பார் இன்னொருவர். இருவர் கூற்றும் முழுமையானதன்று. எந்த வேலைக்காகத் தரகரை அமர்த்துகின்றோம் என்பது முதலில் தெளிவாதல் வேண்டும்.

வீடொன்றை வாடகைக்கு விடுவதில் மூன்று வேலைகள் அடங்கியுள்ளன. குடியிருக்க விரும்புவோரைத் தேடி அழைத்து வருதல் முதலாவது. அவருள் தக்காரைத் தெரிந்து, நிபந்தனைகளைப் பேசி, எழுத்தில் நிலைநிறுத்துதல் இரண்டாவது. குடிபுகுந்த பின்னர் வாடகை அறவிடல், பழுது பார்த்தல், முறைப்பாடு கேட்டல், காலம் முடிந்ததும் வீட்டை நன்னிலையில் மீளப் பெறல் ஆகியன மூன்றாவது. சாதாரணத் தரகர் முதலாவது வேலையைச் செய்பவர். மூன்றாவது வேலையையும் ஏற்று மாதந்தோறும் ஊதியம் பெறும் முகவர்களும் தாபனங்களும் நகரங்களில் உள்ளனர். இரண்டாவது வேலையை எவரிடம் ஒப்படைத்தாலும் அதன் விளைவு வீட்டுக்காரரின் தலைமேலேயே வந்து விழும். இவ்வேறுபாட்டை உணராது, ஆளைக் காட்டியவரே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார் என நம்பியிருப்பதாற் பிணக்குகள் பல தோன்றுகின்றன.

தரகரின் பயனைக் குறைத்து மதித்தலாகாது. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி போன்ற இடங்களில் அனுபவமுள்ள தரகருக்கு எந்த ஒழுங்கையில் எந்த வீடு என்ன வாடகைக்குப் போயிற்று என்பது மனப்பாடம். அடுக்குமாடி வீடாயின், மாதப் பராமரிப்புக் கட்டணத்தை யார் செலுத்துவது, வாகனத் தரிப்பிடம் உண்டா, முகாமைக் கழகத்தின் விதிகள் யாவை என வருவோர் கேட்கும் கேள்விகளையும் அவர் முன்கூட்டியே அறிவார். புதிய வீட்டுக்காரரோ தம் வீட்டின் மீதுள்ள அன்பினால் வாடகையை மிகுத்துக் கூறுவார்; அன்றேல் அயலவர் சொல்லைக் கேட்டுக் குறைத்துக் கூறுவார். சந்தை நிலையை அறிந்த ஒருவரின் சொல் அவ்வேளையிற் பெறுமதியுடையது. அன்றியும், பகல் முழுதும் அலுவலகத்தில் இருப்பவர் வீடு பார்க்க வருவோர்க்கெல்லாம் கதவு திறந்து காட்டிக்கொண்டிருத்தல் இயலாது.

இனிக் கணக்கைப் பார்ப்போம். வாடகை மாதம் 50,000 ரூபா எனக் கொள்க. தரகர் பெரும்பாலும் கேட்பது ஒரு மாத வாடகை. தரகரின்றி ஆள் தேடுகையில் வீடு ஒரு மாதம் கூடுதலாகப் பூட்டிக் கிடக்குமாயின் அங்கும் 50,000 ரூபா நட்டமே. ஆகவே வீடு ஒரு மாதம் முந்தி வாடகைக்குப் போனால் தரகுப் பணம் தானே ஈடாகிவிடும். அதற்கு மேல் முந்தினால் இலாபம்.

ஆயின், கணக்கு அங்கு முடிவதில்லை. நல்லதொரு குடும்பம் 50,000 ரூபா வாடகையில் இரண்டாண்டு இருக்குமாயின், தரகு கழித்து 11,50,000 ரூபா கைக்கு வரும். மாதம் 55,000 ரூபா தருவோரைத் தேடி, அவர்கள் ஆறு மாதத்தில் வெளியேற, அடுத்தவர் வரும்வரை வீடு இரண்டு மாதம் வெறுமையாகக் கிடக்குமாயின், அதே இரண்டாண்டில் வீடு குடியிருப்பில் உள்ளது பதினெட்டு மாதமே. வாடகை 9,90,000 ரூபா. மூன்று முறை தரகு 1,65,000 ரூபா. எஞ்சுவது 8,25,000 ரூபா. கூடிய வாடகைக்கு ஆசைப்பட்டதனால் உண்டான குறைவு 3,25,000 ரூபா. வெள்ளையடித்த செலவும் உடைந்த பூட்டின் செலவும் இதிற் சேர்க்கப்படவில்லை.

இக்கணக்கு தரகரின் நலமும் வீட்டுக்காரரின் நலமும் எங்கே பிரிகின்றன என்பதைக் காட்டுகின்றது. குடியிருப்பாளர் நெடுங்காலம் இருத்தல் வீட்டுக்காரருக்கு நன்மை. தரகருக்கோ, ஆள் மாறும்போதெல்லாம் புதிய வருவாய். இதனால் தரகர் யாவரும் வஞ்சகர் என்று கொள்ளுதல் அநியாயம். தம் பெயரைக் காத்துப் பல்லாண்டுகள் ஒரே ஊரில் தொழில் செய்யும் தரகர் பலர் உளர். எனினும் சில வேளைகளில் அவர் இரு தரப்பாரிடமும் தரகு பெறுவதுண்டு. அப்போது அவர் யாருக்காகப் பேசுகின்றார் என்பதை வீட்டுக்காரர் நேரே கேட்டறிதல் முறையாகும்.

தரகர் கொண்டுவரும் ஆளைத் தெரியும் பொறுப்பு ஏன் சொந்தக்காரருக்கே உரியது என்பதை இந்நாட்டின் சட்ட வரலாறு விளக்கும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1942ஆம் ஆண்டு, வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இங்கு வந்தது. 1948ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கச் சட்டமும், பின்னர் 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டமும் அதனைத் தொடர்ந்தன. வீடின்றித் தவித்த மக்களைப் பாதுகாப்பதே அவற்றின் நோக்கம். அச்சட்டத்துக்கு உட்பட்ட வீட்டிற் குடியிருப்பவரைச் சட்டம் குறித்த காரணமின்றி வெளியேற்றல் இயலாது. பிற்காலத் திருத்தங்கள் பல வீடுகளை அக்கட்டுப்பாட்டிலிருந்து நீக்கின. தம் வீடு உட்பட்டதா, நீங்கியதா என்பதை ஆளை ஏற்கும் முன்னரே சட்டத்தரணி ஒருவரிடம் கேட்டறிதல் அவசியம். தரகர் சொல்லை இவ்விடயத்திற் சான்றாகக் கொள்ளலாகாது.

எழுத்தின் முக்கியத்துவமும் பழையதே. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட காலத்துக்குக் கொடுக்கப்படும் குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் சாட்சிகளுடன் நிறைவேற்றப்படல் வேண்டும். "ஒரு வருடத்துக்கு" என்று முத்திரை ஒட்டிய தாளில் தரகர் எழுதிக் கையொப்பம் வாங்கித் தருவதை நம்பியிருப்போர், பிணக்கு நேர்ந்த அன்றே அதன் வலிமைக் குறைவை உணர்கின்றனர். குத்தகைக்குக் கொடுத்த இடத்தின் உடைமையை விரைந்து மீட்பதற்கு 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் வழி வகுத்துள்ளது. அவ்வழியிற் செல்ல விரும்புவோருக்கும் முறையாக எழுதப்பட்ட குத்தகையே முதற் கருவி. நொத்தாரிசுக்குக் கொடுக்கும் கட்டணத்தை மிச்சம் பிடிப்பது வீட்டுக் கூரைக்கு ஓடு வாங்காது மிச்சம் பிடிப்பதை ஒக்கும்.

இன்னொரு விடயம் வெளிநாடுகளில் வாழும் சொந்தக்காரருக்குச் சிறப்பாக உரியது. 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டத்தின்படி, சொந்தக்காரரின் உரிமையை ஏற்காது, அவருக்கு எதிராகப் பத்தாண்டு தடையின்றி ஆண்டு வருபவர் உரிமை கோரலாம். வாடகை செலுத்துதல் சொந்தக்காரரின் உரிமையை ஏற்றுக்கொண்டமைக்கு அடையாளமாதலின், வாடகைக்கு இருப்பவர் அவ்வாறு கோர இடமில்லை. ஆனால், வாடகை செலுத்தப்பட்டது என்பதற்குச் சான்று எங்கே? பற்றுச்சீட்டுத் தரகர் பெயரில் எழுதப்பட்டு, பணம் அவர் கைக்கே போய், அவரும் காலமாகிவிட்டாரெனின், பிற்காலத்திற் சொந்தக்காரரின் பிள்ளைகள் எதைக் காட்டுவர்? எனவே, எவர் அறவிட்டாலும் பற்றுச்சீட்டுச் சொந்தக்காரர் பெயரிலேயே இருத்தல் வேண்டும். வாடகை நேரே அவருடைய வங்கிக் கணக்குக்குச் செல்லுதல் அதனினும் நன்று. ஆதன வரி செலுத்திய சீட்டுகளையும் அதனுடன் கோத்து வைத்தல் நலம்.

இனி, தூரத்தில் இருப்போரின் நிலைமையை நோக்குவோம். கொக்குவிலில் வீடு, சொந்தக்காரர் இலண்டனில். மாரியில் கூரை ஒழுகும். கிணற்று மோட்டார் நின்றுவிடும். மின்சாரப் பட்டியல் நிலுவையாகும். மின்சாரக் கணக்கும் நீர்க் கணக்கும் வழக்கமாகச் சொந்தக்காரர் பெயரிலேயே தொடர்வதால், குடியிருப்பாளர் செலுத்தாது விட்ட தொகை இவர் கணக்கிலேயே நிற்கும். இத்தகையோர்க்கு மூன்றாவது வேலையைச் செய்ய ஒருவர் ஊரில் இருந்தே ஆக வேண்டும். உறவினரிடம் ஒப்படைத்தல் நம்மவர் வழக்கம். அது நம்பிக்கையானதே. ஆயினும் ஊதியம் பெறாத உறவினரிடம் கணக்குக் கேட்கச் சொந்தக்காரர் கூசுவார். வாடகை பிந்தினால் குடியிருப்பாளரைக் கடிந்துகொள்ள உறவினர் கூசுவார். இவ்விரு கூச்சத்துக்கும் இடையில் வீடு பழுதாகும். சில குடும்பங்களில் உறவும் பழுதாகும். நூற்றுக்கு எட்டு வீதம் முகவருக்கு ஊதியமெனின், 50,000 ரூபா வாடகைக்கு அது மாதம் 4,000 ரூபா. ஆண்டொன்றுக்கு 48,000 ரூபா. தூரத்தில் இருப்பவருக்கு, ஒழுங்காகக் கணக்குக் காட்டும் ஒருவருக்காக இத்தொகையைச் செலவிடல் மிகையன்று. உறவினரே பார்ப்பதாயின் அவருக்கும் ஒரு சிறு தொகையை முறையாகக் கொடுத்துக் கணக்கெழுதச் செய்தல் இரு தரப்பாருக்கும் மரியாதை.

அற்றோணித் தத்துவம் கொடுப்பதில் மட்டும் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். வாடகைக்கு விடவும், வாடகை அறவிடவும், வேண்டுமெனின் வழக்குத் தொடுக்கவும் அதிகாரம் கொடுத்தாற் போதும். விற்கவும் ஈடு வைக்கவும் அதிகாரமளிக்கும் பொதுப்படையான பத்திரத்தை, வாடகை பார்ப்பதற்கென ஒருவர் கேட்பாராயின், அதிற் கையொப்பமிடலாகாது. வீடு மனைவியின் சீதனமாயின் அல்லது சகோதரர் பலருக்குப் பொதுவான முதிசமாயின், உறுதியிற் பெயருள்ளோர் அனைவரும் இசைந்து கையொப்பமிடுதல் வேண்டும்.

தரகரை அமர்த்துவதென முடிவு செய்தோர் சில நிபந்தனைகளை முதலிலேயே எழுத்திற் பெற்றுக்கொள்ள வேண்டும். தரகுத் தொகை எவ்வளவு. அது எப்போது கொடுக்கப்படும். குடிபுகுந்தவர் ஆறு மாதத்துள் வெளியேறினால் மறுபடியும் தரகு உண்டா. அதே குடியிருப்பாளர் குத்தகையைப் புதுப்பித்தால் தரகு கேட்கப்படுமா என்பன அவை. குத்தகை நிறைவேறி முற்பணம் சொந்தக்காரர் கைக்கு வந்த பின்னரே தரகு கொடுத்தல் முறை. முற்பணத்தைத் தரகர் கையில் இருக்க விடலாகாது. அது குடியிருப்பாளருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டிய பணம். அதற்குப் பொறுப்பாளி வீட்டுக்காரரே. ஒரே தரகருக்கு மட்டும் வீட்டை ஒப்படைப்பதாயின் அதற்குக் காலவெல்லை வைத்தல் நன்று.

தாமே ஆள் தேடுவோருக்கும் வழிகள் உள. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் 1974ஆம் ஆண்டு திருநெல்வேலியில் தொடங்கிய காலந்தொட்டு அதன் சுற்றாடலில் அறையும் வீடும் தேடுவோர் ஓயாது வருகின்றனர். அங்கு வாய்மொழியே விளம்பரம். பத்திரிகை விளம்பரமும் இணையத்தள விளம்பரமும் சிறு செலவிலே முடிவன. வருபவரின் அடையாள அட்டை, தொழில், முன்னர் குடியிருந்த வீட்டுக்காரரின் சொல் ஆகியவற்றைக் கேட்டறிதல் மரியாதைக் குறைவன்று. சாதியும் சமயமும் கேட்பதை விடுத்து, வாடகை தவறாது செலுத்தும் ஆற்றலையும் வீட்டைப் பேணும் பழக்கத்தையும் நோக்குவதே நியாயமும் பயனுமாம். கதவு, யன்னல், மின்விசிறி, நீர்க்குழாய் முதலியவற்றின் நிலையைப் பட்டியலிட்டு இருவரும் ஒப்பமிடுதல் பின்னாளில் நேரும் வாக்குவாதத்தைத் தவிர்க்கும். வாடகை வருமானம் வருமான வரிக் கணக்கிற் சேர்க்கப்பட வேண்டியது என்பதையும் மறத்தலாகாது.

முடிவாக, புதிய வீட்டுக்காரர் தம்மைத் தாமே மூன்று கேள்விகள் கேட்டுப் பார்க்கலாம். வீட்டிலிருந்து எவ்வளவு தூரத்தில் வசிக்கின்றார்? வருவோருக்கு வீட்டைக் காட்டவும், அவரைப் பற்றி விசாரிக்கவும் நேரம் உண்டா? வாடகை பிந்திய மாதத்தில் முகங்கொடுத்துக் கேட்கும் உறுதி உண்டா? அருகில் இருந்து, நேரமும் உறுதியும் உடையவருக்குத் தரகர் தேவையில்லை. அருகில் இருந்தும் நேரமில்லாதவர் ஆளைத் தேடித் தரும் வேலையை மட்டும் தரகரிடம் விடலாம். தூரத்தில் இருப்பவரோ பராமரிப்புக்கும் ஊதியம் கொடுத்து ஒருவரை அமர்த்துவதே தகும். எவ்வழியைக் கைக்கொண்டாலும், குடியிருக்க வருபவரை ஒருமுறையேனும் நேரிற் கண்டோ தொலைபேசியிற் பேசியோ அறிந்துகொள்ளலும், குத்தகையை வாசித்து விளங்கிக் கையொப்பமிடலும், உறுதியையும் பற்றுச்சீட்டுகளையும் தம் பெட்டியிற் பூட்டி வைத்தலும் சொந்தக்காரரின் கடமைகள். இவற்றைத் தாமே செய்தவர், மகள் குடிபுகும் நாளில் வீட்டின் திறப்பை வழக்கின்றி மீளப் பெற்று அவள் கையிற் கொடுக்கலாம்.