இரண்டு மருந்துகள் சேர்ந்தால்

மூளையைச் சுற்றியுள்ள உறையை நிமோகாக்கஸ் என்ற பாக்டீரியா தாக்கினால் உயிருக்கே ஆபத்து. பெனிசிலின் அதற்கு நல்ல மருந்து. அதோடு ஆரியோமைசின் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக்கையும் கொடுத்தால் இன்னும் நன்றாகக் குணமாகும் என்றுதானே நினைப்போம்? 1951இல் லெப்பர், டவ்லிங் என்ற அமெரிக்க மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், இரண்டு மருந்துகளையும் பெற்ற 14 பேரில் 11 பேர் இறந்துபோயிருந்தார்கள். பெனிசிலின் மட்டும் பெற்றவர்களில் பெரும்பாலோர் பிழைத்திருந்தார்கள்.

ஏன் இப்படி ஆயிற்று? பாக்டீரியாவைச் சுற்றி ஒரு சுவர் உண்டு. வளரும்போது அது பழைய சுவரை அங்கங்கே பிரித்து, புதிதாகக் கட்டிக்கொள்ளும். கொத்தனாருக்குச் சிமென்ட் கிடைக்காமல் செய்வதுபோல, பெனிசிலின் அந்தக் கட்டுமான வேலையைக் கெடுத்துவிடும். பிரித்த இடம் அடைபடாது; உள்ளே இருக்கும் அழுத்தத்தில் பாக்டீரியா வெடித்துப்போகும். ஆரியோமைசினின் வழி வேறு. அது பாக்டீரியாவைப் புரதம் தயாரிக்க விடாது, வளர்ச்சியே நின்றுவிடும். வளராத பாக்டீரியா சுவரைப் பிரிக்காதே! அப்புறம் பெனிசிலின் எதைக் கெடுக்கும்?

இதே பெனிசிலின் வேறொரு மருந்துக்கு அருமையான கூட்டாளி. இதய வால்வில் தொற்றும் என்டரோகாக்கஸ் பாக்டீரியாவுக்குள் ஸ்ட்ரெப்டோமைசின் எளிதில் நுழைய முடியாது. பெனிசிலின் சுவரைப் பலவீனமாக்கியதும் உள்ளே போய்விடும். தனித்தனியாகக் கொடுத்தால் ஒழியாத கிருமி, இரண்டும் சேர்ந்தால் ஒழிகிறது.

காசநோயில் கூட்டு மருந்து தேவைப்படுவதற்குக் காரணமே வேறு. 1947இல் பிரிட்டனில் ஸ்ட்ரெப்டோமைசினை மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். முதலில் நோயாளிகள் தேறினார்கள். சில மாதங்களில் பலருடைய உடலில் அந்த மருந்துக்கு அசையாத கிருமிகள் பெருகிவிட்டன. கோடிக்கணக்கான கிருமிகளில், ஒரு மருந்தைத் தாங்கக்கூடியவை தற்செயலாகச் சில இருக்கும். இரண்டு மருந்துகளையும் ஒருசேரத் தாங்கும் கிருமி அபூர்வத்திலும் அபூர்வம். அதனால் ஒரு மருந்துக்குத் தப்பியதை மற்றது பிடித்துவிடும்.

இந்த வழியை ஏழைகளின் வீடு வரை கொண்டுவந்ததில் சென்னைக்குப் பெரிய பங்கு உண்டு. எனக்கு அதில் மிகுந்த பெருமை. 1956இல் இங்கே தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், ஐசோநயசிட், பாஸ் என்ற இரண்டு மருந்துகளை ஒரு பிரிவினருக்கு வீட்டிலும் இன்னொரு பிரிவினருக்கு சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையிலும் ஓராண்டு கொடுத்தது. நெருக்கடியான வீடுகளில், போதிய சாப்பாடுகூட இல்லாமல் இருந்தவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு ஏறக்குறைய இணையாகவே குணமானார்கள்.