பன்னிரண்டு வோல்ட்டில் ஓர் ஒட்டுக்கடை

ஈப்போவைச் சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்களில் வளர்ந்த பெரியவர்களிடம் கேட்டால், கார் பேட்டரியில் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சி பார்த்த கதையைச் சொல்வார்கள். மலேசியாவில் ஒளிபரப்பு 1963 டிசம்பர் 28-இல் தொடங்கியது. பேராக் ஆற்றின் செண்டரோ அணை 1930-லேயே மின்சாரம் தந்தது என்றாலும், கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களுக்குப் போன மின்சாரம் பக்கத்துத் தோட்ட லயங்களை எட்ட வெகு காலம் ஆனது. அதனால்தான் பேட்டரி. திரையில் படம் சுருங்கத் தொடங்கினால் மறுநாள் அதைச் சைக்கிளில் கட்டிக் கடைக்குக் கொண்டுபோய்ச் சார்ஜ் ஏற்றுவார்கள்.

அந்தப் பேட்டரிக் கணக்கு இப்போது மின் இணைப்பில்லாத வேன் கடைகளுக்குத் தேவைப்படுகிறது. என் மாமா ஜெலாப்பாங்கில் சாயங்காலம் சடக்கோரம் வேனை நிறுத்தி வடையும் தோசையும் விற்கிறார். அடுப்புக்குக் கேஸ், பானத்துக்கு ஐஸ் பெட்டி. மின்சாரம் வேண்டியது விளக்குக்கும் காற்றாடிக்கும் தண்ணீர் பம்புக்கும், கியூஆர் வழி பணம் வாங்கும் கைப்பேசிக்கும்தான். ஆரம்பத்தில் எல்லாவற்றையும் வேனின் சொந்தப் பேட்டரியிலேயே மாட்டியிருந்தார். கடை முடிந்தால் வேன் ஸ்டார்ட் ஆகாது. ஒரே ஆண்டில் இரண்டு பேட்டரி போனது. சிறு வியாபாரிக்கு அது சின்னச் செலவல்ல.

பேட்டரி மட்டமானது என்பது அவர் முடிவு. உண்மையில் அந்த வேலைக்கே அது செய்யப்படவில்லை. வண்டியைக் கிளப்பும் பேட்டரியின் ஈயத் தகடுகள் மெல்லியவை. சில நொடிகளுக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியர் கொடுத்துவிட்டு உடனே நிரம்பிக்கொள்வதே அதன் வழக்கம். மெதுவாக அடிவரை உறிஞ்சினால் தகடு சீக்கிரம் கெட்டுவிடும். கடைக்கு வேண்டியது தடித்த தகடுள்ள, 'டீப் சைக்கிள்' எனப்படும் தனிப் பேட்டரி. அதையும் பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது. சும்மா இருக்கும்போது 12.7 வோல்ட் காட்டினால் நிறைவு, 12.2-க்கு அருகில் வந்தால் ஏறக்குறைய பாதி. பத்துப் பதினைந்து வெள்ளி மீட்டர் ஒன்று போதும். படம் சுருங்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

எவ்வளவு பெரிய பேட்டரி என்பது பெருக்கல் கணக்குதான். இரண்டு எல்இடி விளக்கு 20 வாட், நான்கு மணி நேரம்: 80 வாட்-மணி. காற்றாடி 15 வாட், ஆறு மணி நேரம்: 90. கைப்பேசிக்கு 20, பம்புக்கு 10. மொத்தம் 200. அதைப் பன்னிரண்டால் வகுத்தால் ஏறக்குறைய 17 ஆம்பியர்-மணி. பாதிதான் பயன்படும் என்பதால் 34. பேட்டரி கிழடாகும் என்பதையும் சேர்த்தால் 60 வாங்கலாம். சட்னி அரைக்கும் 400 வாட் பிளெண்டரை இன்வெர்ட்டரில் ஓட்டினால் 35 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். மாமாவுக்கு நான் சொன்னது, சட்னியை வீட்டிலேயே அரைத்து வாருங்கள் என்று!

வயர் விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். 60 வாட் சாமானுக்கு வீட்டின் 240 வோல்ட்டில் ஓடுவது கால் ஆம்பியர். 12 வோல்ட்டில் 5 ஆம்பியர். ஒன்றரைச் சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் ஐந்து மீட்டர் போய் ஐந்து மீட்டர் திரும்பினால் 0.6 வோல்ட் வழியிலேயே தொலைகிறது. வீட்டில் அது கண்ணுக்கே தெரியாது. இங்கே விளக்கு மங்கும். ஆகவே தடித்த வயர், குறுகிய தூரம். பன்னிரண்டு வோல்ட் ஷாக் அடிக்காது என்ற தைரியத்தில் பியூஸ் போடாமல் விடுவது இன்னும் மோசம். வயர் உரசி ஷார்ட் ஆனால் பேட்டரி கொட்டும் மின்னோட்டத்தில் வயர் பழுத்துத் தீப்பிடிக்கும், பக்கத்திலேயே கேஸ் தோம்பு. பேட்டரியின் பாசிட்டிவ் முனையை ஒட்டியே பியூஸ் இருக்க வேண்டும்.

இனி, நிரப்புவது. இரண்டு பேட்டரிக்கும் நடுவே ஒரு ரிலே வைத்தால், எஞ்சின் ஓடும்போது மட்டும் இரண்டும் சேரும், நின்றால் பிரியும். எத்தனை மணிக்குக் கடையை மூடினாலும் வேன் கிளம்பும். ஆனால் வீட்டுக்கும் கடைக்கும் கால் மணிப் பயணம்தான். அதில் 17 ஆம்பியர்-மணி ஏறாது. எனவே வேன் கூரையில் 100 வாட் சூரியத் தகடு, அதோடு ஒரு சார்ஜ் கட்டுப்படுத்தி. நம் நாட்டு வெயிலை நான்கு முழு மணி என வைத்து, சூட்டிலும் மேகத்திலும் முப்பது விழுக்காடு கழித்தாலும் 280 வாட்-மணி கிடைக்கும். ஈப்போவில் மத்தியானத்துக்கு மேல் மழை இருட்டிக்கொண்டு வருவது வழக்கம் என்பதால் காலையிலேயே நிழலில்லாத இடத்தில் வேனை நிறுத்துவது நல்லது. இரண்டு நாள் தொடர்ந்து வெயில் இல்லையென்றால் வீட்டுச் சார்ஜரில் போட்டுவிட வேண்டும். பாதி காலியான ஈயப் பேட்டரியை அப்படியே கிடக்கவிட்டால் தகட்டில் சல்பேட் படிந்து இறுகிவிடும்.

லித்தியம் பேட்டரியைப் பற்றியும் மாமா கேட்கிறார். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை எடை குறைவு, எண்பது விழுக்காடு வரை தாராளமாகப் பயன்படுத்தலாம், பல ஆண்டு உழைக்கும். விலைதான் கூடுதல். வாங்குவதென்றால் அதற்கேற்ற சார்ஜ் கட்டுப்படுத்தி வேண்டும். சாதா ரிலேயை எடுத்துவிட்டு டிசி-டிசி சார்ஜரும் போட வேண்டும். இப்போதைக்கு ஈயப் பேட்டரியே ஓடட்டும் என்றிருக்கிறேன்.