உருகாமல் ஒட்டும் உலோகம்

பாபநாசத்திலிருந்து காரையாறு அணைக்கு மலையேறும் பேருந்தில் சென்றிருக்கிறீர்களா? முழுச் சுமையுடன் மேடேறும்போது எஞ்சினின் எக்ஸாஸ்ட் வால்வுத் தலை சுமார் 700 டிகிரி செல்சியஸில் காய்கிறது. அது ஒடிந்து சிலிண்டருக்குள் விழுந்தால் பிஸ்டன் நொறுங்கும்; வண்டி நடுக்காட்டில் நின்றுவிடும்.

ஆகவே கடும் உழைப்புக்கான எஞ்சின்களில் வால்வுத் தலையை நிக்கல் உலோகக் கலவையால் செய்வதுண்டு. இரண்டாம் உலகப் போரின்போது ஜெட் எஞ்சினுக்காகப் பிரிட்டனில் உருவான நிமோனிக் அத்தகையது. விலையோ அதிகம்! ஓயாமல் மேலும் கீழும் தேயும் தண்டுக்குக் கடினப்படுத்திய எஃகே போதும்.

இரண்டையும் உருக்கி இணைக்கலாமே என்பீர்கள். அலுமினியமும் டைட்டானியமும் கலந்த நிக்கல் கலவை, உருகி உறையும்போது எளிதில் விரிசல் காணும். எனவே உருக்காமலே ஒட்டுகிறார்கள். மார்கழிக் காலையில் உள்ளங்கைகளைத் தேய்ப்பீர்களல்லவா, அதே உராய்வுதான். ஒரு துண்டை அசையாமல் பிடித்து, மற்றதை வேகமாகச் சுழற்றி அதன்மேல் அழுத்துவார்கள். சில விநாடிகளில் இரு முகங்களும் செக்கச் சிவந்து மெழுகுபோல் இளகும். மேலே படிந்திருந்த ஆக்சைடுப் படலமும் அழுக்கும் பக்கவாட்டில் பிதுங்கி வளையமாகச் சுருளும். அப்போது சுழற்சியைச் சட்டென்று நிறுத்தி இன்னும் பலமாக அழுத்தினால், தூய உலோகங்கள் அணுவோடு அணுவாகப் பிணைகின்றன. பிதுங்கியதை லேத்தில் கடைந்துவிடலாம்.

பட்டறையில் கழித்துப் போட்ட எக்ஸாஸ்ட் வால்வு கிடைத்தால், அதன் மீது ஒரு காந்தத்தை நகர்த்திப் பாருங்கள். இவ்வகை வால்வானால் தண்டில் ஒட்டும், தலையில் ஒட்டாது. பிடி விடும் இடத்தில்தான் அந்த மூட்டு இருக்கிறது.