ஜீப் இறங்கிய பிறகு இராச் சாப்பாடு

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு

பொட்டிபுரம் என்று சொன்னால் வெளியூரார் நியூட்ரினோ ஆய்வுக்கூடத் திட்டத்தைப் பற்றித்தான் கேட்பார்கள். எங்கள் ஊர் அடுப்பைப் பற்றிக் கேட்பவர் எவரும் இல்லை. இந்தக் கட்டுரை அந்த அடுப்பைப் பற்றியது.

பொட்டிபுரம், சிலமலை, ராசிங்காபுரம், தேவாரம் என்று போடிநாயக்கனூரைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து தாய்மார் பலர் விடியுமுன் தூக்குவாளியுடன் ஜீப்பில் ஏறி, மலைமேல் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறார்கள். ஏலச்செடி ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்தாலும் அதன் காய் உச்சியில் காய்ப்பதில்லை. செடியின் அடியில், தரையோடு படரும் சரத்தில் காய்க்கிறது. ஆகவே பறிப்பவர் பகல் முழுவதும் குனிந்தும் குத்தவைத்தும்தான் பறிக்க வேண்டும். பொழுது சாயும் நேரத்தில் வளைவு வளைவாக இறங்கி வீடு வந்து சேரும் ஒருவருக்கு, மறுபடியும் அடுப்பின் முன் ஒன்றரை மணி நேரம் நிற்பது எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

பள்ளிப் பிள்ளைகளின் சாப்பாட்டில் ஒரு பகுதியை அரசாங்கம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1982 ஆம் ஆண்டு விரிவாக்கப்பட்ட சத்துணவுத் திட்டத்தால் அரசுப் பள்ளிகளில் மதிய உணவு கிடைக்கிறது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிவைக்கப்பட்ட காலை உணவுத் திட்டத்தால் தொடக்கப்பள்ளிச் சிறுவர்களுக்குக் காலைச் சாப்பாடும் பள்ளியிலேயே ஆயிற்று. மிஞ்சி நிற்பது இராச் சாப்பாடு ஒன்றே. அதை யார் சமைப்பது? அம்மா வந்து சேரத் தாமதமானால் வீட்டின் மூத்த பெண்தான் சமைக்கிறாள். அவள் பெரும்பாலும் ஒன்பதாவதோ பத்தாவதோ படிப்பவளாக இருக்கிறாள்.

இங்கே ஒரு சிறு கணக்குப் போடலாம். இராச் சமையலுக்கு 90 நிமிடம் ஆகிறது என்று கொள்வோம். அதை 40 நிமிடத்தில் முடித்தால் நாள் ஒன்றுக்கு 50 நிமிடம் மிச்சம். வாரத்தில் ஐந்து நாளுக்கு 250 நிமிடம், அதாவது நான்கு மணி நேரத்துக்கும் மேல். ஒரு பாடவேளை 45 நிமிடம் என்றால், வாரத்துக்கு ஐந்து பாடவேளைக்கும் அதிகமான நேரம் இது. அரசுத் தேர்வு எழுதப் போகும் பெண்ணுக்கு இது சின்ன விஷயமா?

நாற்பது நிமிடத்தில் முடிப்பதற்கு நான் அறிந்த வழி, வீட்டில் யாரும் இல்லாத பகல் நேரத்தை வேலை செய்ய வைப்பதுதான். தண்ணீரும் வெயிலும் புளிப்பும் கூலி கேட்காத வேலையாட்கள்.

முதலாவதாகப் பயறு வகைகள். எங்கள் பக்கம் மொச்சை இல்லாத வீடு இல்லை. காய்ந்த மொச்சையை ஊறவைக்காமல் அடுப்பில் போட்டால் விறகும் போச்சு, பொழுதும் போச்சு. காலையில் புறப்படும்போதே தாராளமாகத் தண்ணீர் ஊற்றி ஊறப்போட்டுவிட்டால், மாலையில் குக்கரில் நான்கைந்து விசிலில் வெந்துவிடும். சித்திரை வெயிலில் மட்டும் பகல் முழுதும் ஊறினால் நுரைத்து வாடை வந்துவிடும். அப்போது இரவே ஊறவைத்து, காலையில் தண்ணீரை வடித்து, ஈரத்துணியில் கட்டித் தொங்கவிடலாம். பாசிப்பயறாக இருந்தால் மாலைக்குள் முளைகட்டியும் விடும்; தாளித்தால் பத்து நிமிடத்தில் சுண்டல் ஆயிற்று.

மொச்சைக் குழம்பில் பலர் கவனிக்காத செய்தி ஒன்று உண்டு. புளியை முதலிலேயே கரைத்து ஊற்றிவிட்டு, பயறு வேகவில்லையே என்று கடைக்காரரை வைவார்கள். கடைக்காரர்மேல் குற்றமில்லை. பயற்றின் அணுக்களை ஒட்டவைத்திருக்கும் பொருள் வெந்நீரில் கரைந்தால்தான் பயறு குழையும். புளிப்பு அதைக் கரையவிடாமல் தடுக்கிறது. ஆகவே பயறு நன்றாக வெந்த பிறகே புளியும் தக்காளியும் சேர வேண்டும். துவரம்பருப்புச் சாம்பாருக்கும் இதுவே விதி.

அடுத்தது முருங்கைக்கீரை. கொல்லையில் மரம் நிற்கிறது, காசும் வேண்டாம், ஆனால் உருவுவதற்குள் கை ஓய்ந்துவிடுகிறது. கிளைகளை முந்தின இரவே ஒடித்து, ஒரு பழைய துணியில் இறுக்கமாகச் சுற்றி மூலையில் வைத்துவிட வேண்டும். மறுநாள் எடுத்து உதறினால் இலைகளில் பெரும்பாலும் தாமாகவே கொட்டிவிடும். காம்பைப் பொறுக்குவதுதான் பாக்கி. வெங்காயமும் மிளகாயும் தாளித்து, கீரை வதங்கியதும் இரண்டு முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறினால் சோற்றுக்கும் ஆகும், தோசைக்கும் ஆகும்.

தோசை மாவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டுவதில்லை. சனிக்கிழமை ஆட்டிவைத்தால் புதன்வரை ஓடும். 2011 இல் தொடங்கிய விலையில்லாக் கிரைண்டர் திட்டத்துக்குப் பிறகு ஆட்டுக்கல்லில் ஆட்டும் வீடுகள் குறைந்துவிட்டன. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: போடியின் வெப்பத்தில் ஓர் இரவில் பொங்கும் மாவு மலைமேல் குளிரில் பொங்காது. தோட்டத்திலேயே தங்கி வேலை செய்யும் குடும்பங்கள் பாத்திரத்தை அடுப்பின் அருகே வைத்தோ கம்பளியால் சுற்றியோதான் புளிக்கவைக்க வேண்டும்.

ஒரே பாத்திரத்தில் முடியும் சாப்பாட்டுக்கு, கோயம்புத்தூர்ப் பக்கத்து அரிசிப்பருப்புச் சோற்றை நான் முதலிடத்தில் வைப்பேன். ஐந்து பேருக்கு அரிசி இரண்டு தம்ளர், துவரம்பருப்பு அரைத் தம்ளர். குக்கரிலேயே எண்ணெய் விட்டு, கடுகு, சீரகம், பூண்டு, ஒரு கை சின்ன வெங்காயம், தக்காளி, மஞ்சள்தூள், மிளகாய்த்தூள் ஆகியவற்றை வதக்கி, ஆறு தம்ளர் தண்ணீர் ஊற்றி, கொதித்ததும் அரிசி பருப்பைக் களைந்து போட்டு மூட வேண்டும். சாதாரணப் பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கிறது. குக்கருக்குள் அழுத்தம் கூடுவதால் ஏறத்தாழ 120 டிகிரி வரை சூடேறுகிறது. அதனால்தான் விரைவில் வேகிறது. எங்கள் வீட்டில் குக்கரை ஏற்றிவிட்டுக் குடும்பச் செபமாலைக்கு உட்காருவோம். மூன்றாம் விசில் எந்தத் தேவ இரகசியத்தில் வரும் என்று எண்ணிக்கொண்டிருக்கும் என் தம்பியை அம்மா ஒரு பார்வை பார்ப்பார்கள். அருட்சகோதரிகள் இதைப் பொருட்படுத்தாமல் மேலே படிக்க வேண்டுகிறேன்!

ஒன்றும் செய்ய மனமில்லாத நாளும் வரத்தான் செய்யும். அதற்குத்தான் புளிக்காய்ச்சல். ஞாயிறன்று நல்லெண்ணெய் தாராளமாக விட்டு, தண்ணீர் சுண்டும்வரை கொதிக்கவைத்துச் சீசாவில் அடைத்துவிட்டால், புளிப்பும் உப்பும் எண்ணெயும் சேர்ந்து அதைக் கெடாமல் காக்கும். ஈரக்கரண்டி மட்டும் படக்கூடாது. கோடை விடுமுறையில் மாடியில் காயவைத்த சுண்டைக்காய் வற்றலும் மணத்தக்காளி வற்றலும் இருந்தால் தொட்டுக்கொள்ள வேறு தேடவேண்டாம். தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளிலும் இது பொருந்தும். அன்று மீன் வாங்கி வறுத்து, பொரியலும் வைத்து, விருந்துபோல் சாப்பிட்டுவிட்டுச் சுத்தபோசனம் என்று பெயர் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

நிற்க. இத்தனை வழிகளைச் சொன்னாலும் கைகள் இரண்டே என்றால் நாற்பது நிமிடம் போதாது. வெங்காயம் உரிப்பதற்கும் அரிசி களைவதற்கும் பெண்ணாய்ப் பிறந்திருக்க வேண்டும் என்று எந்தச் சமையல் புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை. கலியாண வீடுகளில் ஐந்நூறு பேருக்குப் பொங்கிப் போடும் சமையற்காரர்களில் ஆண்கள் எத்தனை பேர்! அவர்களுக்கு வருவது நம் அண்ணன் தம்பிகளுக்கும் வரும். அப்பாவும் அதே ஜீப்பில் களைத்து வந்தவர்தாம், மறுக்கவில்லை. ஆனால் அம்மா அடுப்பைப் பற்றவைக்கும்போது அப்பா தேங்காயைத் துருவிக் கொடுத்தால் இருவருக்கும் சேர்ந்து உட்காரச் சீக்கிரம் நேரம் கிடைக்கும். சில வீடுகளில் இது நடக்கிறது. அந்த வீட்டுப் பெண்கள் வீட்டுப்பாடத்தை முடித்துக்கொண்டு வருவதை நாங்கள் வகுப்பில் பார்க்கிறோம். மற்ற வீட்டுப் பெண்கள் காலை மணி அடிக்குமுன் வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறார்கள்.

ஏலக்காய் ஊரிலிருந்து எழுதிவிட்டு ஏலக்காயைப் பற்றி ஒரு பக்குவமும் சொல்லவில்லையே என்று பெற்றோர் சிலர் கேட்கக்கூடும். உண்மை என்னவென்றால், அதைப் பறிக்கும் வீடுகளின் இராச் சாப்பாட்டில் ஏலக்காய்க்கு வேலை இல்லை. பண்டிகை நாளில் பாயசத்துக்கு இரண்டு காய் தட்டிப் போடுவார்கள், அவ்வளவுதான். அந்தப் பாயசத்துக்கும் சேமியாவை முன்பே வறுத்து டப்பாவில் போட்டுவைத்தால் கால் மணி நேரம் மிச்சமாகும்.