பத்து காவானில் பின்பனிக்காலம்

மார்கழியும் தையும் முன்பனி; மாசியும் பங்குனியும் பின்பனி. தமிழாசிரியர் எவரும் ஆறு பருவங்களை இவ்வாறே வரிசைப்படுத்திக் கற்பிப்பர். பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியிலுள்ள பத்து காவானில் ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, நம் ஊரில் பனிக்காலம் எப்போது?" என்று கேட்டால் என்ன விடை கூறுவது? இங்குப் பனிக்காலமே இல்லை என்று சொல்லி அவனை அமர்த்திவிடலாம். ஆயினும் அஃது அரைகுறை விடையே ஆகும்.

பத்து காவான் நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஐந்து பாகைக்குச் சற்று மேல் அமைந்துள்ளது. ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ 35 நிமிடமே. டிசம்பர் நண்பகலிலும் கதிரவன் அடிவானிலிருந்து 61 பாகை உயரத்தில் நிற்கின்றான். ஆதலின் மாதச் சராசரி வெப்பநிலை ஆண்டு முழுவதும் 27, 28 பாகை சென்டிகிரேடை ஒட்டியே இருக்கும். ஆனால் ஒரே நாளில், பிற்பகலுக்கும் விடியலுக்கும் இடையே ஏழெட்டுப் பாகை இறங்கிவிடும். வெப்ப மண்டலத்திற்கு இரவே குளிர்காலம் என்று நிலநூலார் கூறுவது இதனாலேதான். வெப்பமானி ஒன்றையே நம்பிப் பனிப்பருவத்தைத் தேடுவோர் இங்கு ஏமாறுவர்.

மழைமானியோ வேறு கதை சொல்லும். பினாங்கில் அக்டோபர் மாத மழை சராசரியாக 380 மில்லிமீட்டர் அளவில் உள்ளது. ஜனவரியில் அது 70 அளவிற்குச் சுருங்கிவிடுகிறது. பிப்ரவரியும் அவ்வாறே. அதே வேளையில் தீபகற்பத்தின் மறுகரையில், கோத்தா பாருவில், நவம்பர், டிசம்பர் மாதங்கள் ஒவ்வொன்றும் 500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெறுகின்றன. கிளந்தானில் வீடுகள் வெள்ளத்தில் மூழ்கும் நாள்களில் பத்து காவான் வாசலில் புழுதி பறக்கும்.

ஒரே காற்று இரு கரைகளில் இவ்வாறு மாறுபடுவது ஏன்? வடகிழக்கிலிருந்து வரும் வாடையே தமிழகத்தின் கீழ்க்கரைக்கும் மலாயாவின் கீழ்க்கரைக்கும் மழையைக் கொணர்கிறது. அங்கே அது வங்கக் கடலின் ஈரத்தை அள்ளி வருகிறது. இங்கே தென்சீனக் கடலின் ஈரத்தை. ஆனால் மலாயாவின் நடுவே தித்திவாங்சா மலைத்தொடர், 2,000 மீட்டரைத் தாண்டும் சிகரங்களுடன், குறுக்கே நிற்கிறது. காற்று மேலேறிக் குளிர்ந்து தன் நீரைக் கிழக்குச் சரிவில் கொட்டிவிட்டு, மேற்குப் புறத்தில் இறங்கும்போது வறண்டுவிடுகிறது. வானம் தெளிந்திருப்பதால் நிலம் இரவில் தன் வெப்பத்தை விரைவில் இழக்கும். விடியலில் புல் நுனியில் துளி நிற்கும். சைபீரியாவின் குளிர்க்காற்று தென்சீனக் கடல் வழியே வலுத்து வீசும் சில நாள்களில் விடியற்குளிர் வழக்கத்தினும் ஒன்றிரண்டு பாகை மிகும். பத்து காவானின் பனி என்பது இவ்வளவே. வாடைக்காலம் முழுதும் வறண்டே இருக்கும் என்றும் எண்ணிவிடலாகாது. 2017 நவம்பர் 4, 5 நாள்களில் வீசிய புயல்மழை பினாங்கையே வெள்ளக்காடாக்கியது.

ஈண்டு இலக்கணம் கற்றோர் ஒன்றை நினைவுகூரலாம். தொல்காப்பியர் பாலைக்கு வேனிலை உரிய பொழுதாக்கியதோடு, பின்பனியும் அதற்கு உரியது என்றார். பனியும் பாலையும் எவ்வாறு பொருந்தும் என்று ஐயுறும் மாணவனைப் பிப்ரவரியில் பள்ளித் திடலுக்கு அழைத்துச் சென்றால் போதும். பகலில் சுடும் வெயில், வெடித்த தரை, விடியலில் சிறு பனி. தைப்பூச நாளில் பினாங்குத் தெருக்களில் தண்ணீர்ப் பந்தல்கள் நிற்பது வெறும் சடங்கிற்காக அன்று.

இப்பருவத்தை நூலறிவின்றியே நன்கறிந்தவர் தோட்டத் தொழிலாளர். கித்தா மரம் இங்கு இலையுதிர்ப்பது டிசம்பர்க் குளிரினால் அன்று, வறட்சியினால். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் இலைகள் சிவந்தும் பழுத்தும் விழும். காடு முழுவதும் வெயில் தரையில் பாயும். ஆங்கிலேயத் துரைமார் இதனைத் தம் நாட்டு வழக்கையொட்டி 'விண்டரிங்' என்றே அழைத்தனர். பெயர் பொருத்தமற்றதுபோல் தோன்றினும், பத்து காவானுக்கு வாய்த்த குளிர்காலம் அதுவே எனலாம். தளிர் விடும் வாரங்களில் மங்கில் பால் குறையும். பால் குறைந்தால் கூலியும் குறையும். அவ்வேளையில் தூறல் விழுந்தாலும் கேடுதான். இளந்தளிரைச் சாம்பல் நோய் பற்றி, இலைகள் மறுமுறையும் உதிரும். வறட்சி வேண்டும், ஆனால் அளவோடு வேண்டும் என்பதே தோட்டக்காரன் வேண்டுதல்.

ஆதலின் தோட்டங்களில் மழையளப்பது வழக்கமாயிற்று. ஆபீஸ் முற்றத்தில் மழைமானி நிற்கும். கிராணியார் காலையில் அதை அளந்து புத்தகத்தில் அங்குலக் கணக்கில் எழுதுவார். அவர் வானிலை அறிஞர் அல்லர். விடியலில் பெய்த மழை பால்வெட்டைக் கெடுத்ததா என்பதே அவர் கவலை. எனினும் இத்தகைய கணக்குகளின் மதிப்பு பெரிது. இங்கிலாந்தில் 1860இல் சைமன்ஸ் என்பார் தொடங்கிய மழைக்கணக்கில், அவர் 1900இல் மறைந்தபோது 3,000க்கும் மேற்பட்டோர் பங்கு பெற்றிருந்தனர். பெரும்பாலோர் ஊதியம் கருதாத பொதுமக்கள்.

பத்து காவானில் 19ஆம் நூற்றாண்டில் கரும்பு விளைந்தது. பின்னர் கித்தாவும் செம்பனையும் வந்தன. 2014இல் இரண்டாம் பினாங்குப் பாலம் திறக்கப்பட்டது. தோட்டங்கள் இருந்த இடத்தில் இன்று தொழிற்சாலைகளும் அடுக்கு வீடுகளும் நிற்கின்றன. மூடப்பட்ட ஆபீஸோடு மழைப் புத்தகமும் போயிற்றென்றால் அதனை மீண்டும் எழுத எவராலும் ஆகாது. பெய்து முடிந்த மழையை அளக்க வழியில்லை. பினாங்கின் குடிநீரில் பெரும்பகுதி மூடா ஆற்றிலிருந்து வருகிறது. வறண்ட மாதங்கள் எத்துணை நீளும் என்பது தோட்டம் போன பின்னும் ஊரார் கவலையாகவே உள்ளது.

பள்ளியில் இக்கணக்கைத் தொடர விரும்புவோர்க்குப் பெருஞ்செலவில்லை. பக்கங்கள் செங்குத்தாக உள்ள ஒரு டின், ஓர் அளவுகோல். டின்னில் நிற்கும் நீரின் உயரமே மழையின் அளவு; ஒரு மில்லிமீட்டர் என்றால் ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு லிட்டர் விழுந்தது என்பது பொருள். மரமோ கட்டடமோ அருகிருந்தால் அதன் உயரத்தைப்போல் இருமடங்கு தள்ளி வைத்தல் வேண்டும். நாள்தோறும் காலை எட்டு மணிக்கே அளத்தல் வேண்டும்; பொழுது மாறினால் ஒருநாள் மழை மறுநாள் கணக்கில் புகுந்துவிடும். மழையற்ற நாளில் இடத்தை வெறுமையாக விடாமல் 0 என்று எழுதுதல் மிக இன்றியமையாதது. வெறும் இடம் மழை பெய்யவில்லை என்றும் பொருள்படும். அளப்பவர் வரவில்லை என்றும் பொருள்படும். பத்து காவானின் பின்பனி அந்தச் சுழியங்களின் வரிசையில்தான் தெரியும். அதன் பக்கத்திலேயே எஞ்சியுள்ள கித்தா மரத்தில் முதல் இலை சிவந்த நாளையும் குறித்து வைக்கலாம்.